சுவர் விடும் மூச்சு

அமெரிக்காவில் பார்சிப்பனி என்கிற ஊரில் என் மகன் வீட்டுப் பின்சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஓட்டை இருக்கிறது. துணி காய வைக்கும் மெஷின் ஓடும்போது அதன் வழியாகச் சூடான காற்று புசுபுசுவென்று வரும். சுற்றிலும் பனி கொட்டிக் கிடந்தாலும் அந்த ஓட்டைக்குக் கீழே மட்டும் புல் தெரியும். வீட்டுச் சுவர் மூச்சு விடுவதை நான் இங்கேதான் பார்த்தேன். நல்ல வெயில் அடிக்கிற நாளிலும் வெளியே கொடி கட்டித் துணி போடக் கூடாதாம், குடியிருப்புச் சங்கத்தார் சண்டைக்கு வருவார்களாம். சூரியன் சும்மா இருக்க, பெட்டிக்குள் காஸைக் கொளுத்தித் துணி காய வைக்கிறார்கள்.

நான் ஐந்தாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன், மெதுவாகத்தான் வரும். ஆனால் சாத்தூரில் என் தெருவில் நான் சொன்ன சொல்லை யாரும் தட்டியதில்லை. அந்தச் சொல்லுக்கு இங்கே என்ன ஆயிற்று என்பதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

மருமகள் கவிதா பிரசவ விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியபோது, கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள என்னை வரவழைத்தார்கள். கீழ்த்தளத்தில் எனக்கு ஓர் அறை. பக்கத்திலேயே மெஷின் அறை. பகலில் பேத்தி நிலாவின் தொட்டிலும் என் அறையில்தான் இருக்கும். பச்சைப்பிள்ளைத் துணி என்றால் கேட்க வேண்டுமா, மெஷின் தினமும் ஓடும். மெஷின் வாயில் இருக்கும் சல்லடையில் நூல்தூசி மெத்தை போலப் படியும். அதை நான் தவறாமல் வழித்தெடுப்பேன். சல்லடைக்கு அப்பால் சுவருக்குள் ஒரு குழாய் போகிறது, அதையும் சுத்தம் செய்ய வேண்டும் என்று அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.

குளிர் இறுகியதும் எனக்குத் தலைவலி ஆரம்பித்தது. மகன் சரவணனிடம் சொன்னேன்.

"தலை கிண்ணுனு இருக்குய்யா. குமட்டிக்கிட்டு வருது."

"ஊர் ஞாபகம் வந்துருச்சாம்மா?" என்று சிரித்தான். "வர்ற எல்லா அம்மாவுக்கும் இது வரும். என் ஃப்ரெண்டோட அம்மா நெஞ்சு வலின்னே சொன்னாங்க. டிக்கெட் புக் பண்ணதும் எந்திரிச்சு உக்காந்து முறுக்கு சுட்டாங்க."

"நான் சாக்குச் சொல்ற ஆளாடா?"

"சாக்குன்னு யாரு சொன்னா? உங்களுக்கே தெரியாம வர்றதும்மா அது."

ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போனால் தலைவலி விட்டுவிடும். அதையும் மறைக்காமல் சொன்னேன். "பாத்தியா, நம்ம ஆளுங்கள பாத்ததும் அம்மாவுக்குச் சரியாயிருச்சு" என்று கவிதாவிடம் கண்ணைக் காட்டினான். அவள் நல்ல பெண். "அத்தை, முடியலன்னா சொல்லிருங்க, டே கேர்ல கேட்டுப் பாக்குறோம்" என்றாள். அந்த நல்ல வார்த்தை என்னை அறைந்தது போல இருந்தது. பிறகு தலைவலியைப் பற்றி நான் பேச்செடுக்கவில்லை.

துணிகள் இரண்டு முறை ஓட்டியும் ஈரமாகவே வந்தன. ஓட்டைக்குக் கீழே இருந்த புல்லையும் பனி மூடிவிட்டது. "சுவத்துல காத்து வரலைய்யா" என்றேன். "வின்டர்ல அப்படித்தாம்மா" என்றான், போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

சாத்தூர் வீட்டில் விறகடுப்பு இருந்தது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது புகைக்கூண்டைத் தென்னந்துடைப்பத்தால் தட்டுவோம், கரி கட்டிகட்டியாக விழும். அது அடைத்துக்கொண்டால் கண் எரியும், இருமல் வரும், எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்துக் கேட்பாள். அந்தப் புகைக்கு முகம் இருந்தது. இங்கே குழாய் அடைத்தால், எரிந்த காஸிலிருந்து வீட்டுக்குள் திரும்புகிற விஷத்துக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. அதையும் புகையையும் கண்டுபிடித்துக் கத்தத்தான் கூரையில் ஓர் அலாரம் வைத்திருக்கிறார்கள். நான் கடுகும் மிளகாயும் தாளித்தபோதெல்லாம் அது கத்தியது, பிள்ளை தூக்கத்தில் அலறியது. அதனால் சரவணன் ஏணி போட்டு ஏறி, ஓட்டலில் தலை நனையாமல் குளிக்கக் கொடுக்கும் பிளாஸ்டிக் தொப்பியை அதற்கு மாட்டிவிட்டான். நம் ஆட்கள் பல வீடுகளில் அப்படித்தான் வைத்திருக்கிறார்களாம்.

அன்றைக்கு மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பால் குடிக்கும் நேரம் வந்தும் நிலா எழவில்லை. உள்ளங்காலைச் சுண்டினேன், முனகிவிட்டுத் தலையைச் சாய்த்துக்கொண்டாள். எனக்கும் அறை சுழன்றது. சரவணனுக்குப் போன் போட்டேன். "அம்மா, மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிட்டான். கவிதா எடுக்கவே இல்லை. இந்த வீட்டில்தான் ஏதோ இருக்கிறது என்பது ஒன்றுதான் புத்தியில் நின்றது. பிள்ளையைப் போர்வையோடு முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துப் படியேறி, வெறுங்காலோடு பனியில் இறங்கினேன்.

பக்கத்து வீட்டு வெள்ளைக்காரம்மா லிண்டா நாயோடு வந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்து ஓடிவந்தாள்.

"கோல்ட்! பேபி கோல்ட்! கோ இன்சைட்!"

"நோ இன்சைட்" என்றேன்.

அவள் என் தோளைப் பிடித்து வீட்டுப் பக்கம் தள்ளினாள். நான் தரையோடு உட்கார்ந்துவிட்டேன். "சன் ஆங்க்ரி? சன் ஹர்ட் யூ?" என்றாள். என் பிள்ளையா என்னை அடிப்பான்? அந்த நிலைமையிலும் எனக்குக் கோபம் வந்தது. "சன் குட். ஹவுஸ் பேட்" என்று வீட்டைக் காட்டினேன். வேறு வார்த்தை என்னிடம் இல்லை. அவள் நிலாவை என் கையிலிருந்து பிடுங்கித் தன் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு யாருக்கோ போன் செய்தாள். பிள்ளையைத் திருப்பித் தரமாட்டாளோ, போலீஸைத்தான் கூப்பிடுகிறாளோ என்று "என் பேத்தி, என் பேத்தி" என்று தமிழில் கத்தினேன்.

வந்தது தீயணைப்பு வண்டி. தீயணைப்புக்காரர் ஒருவர் வீட்டு வாசலில் கால் வைத்த உடனேயே அவர் கையிலிருந்த விஷவாயு காட்டும் கருவி கூவியது. நிலாவின் முகத்தில் ஆக்சிஜன் முகமூடி வைத்தார்கள், எனக்கும் வைத்தார்கள். அதற்குள் இன்னொருவர் அந்தப் பிளாஸ்டிக் தொப்பியோடு வெளியே வந்தார். தொப்பி இல்லாத அலாரம் உள்ளே கத்திக்கொண்டிருந்தது, அடுப்பில் ஒன்றுமே இல்லாதபோது. "வாட் இஸ் திஸ்?" என்று கேட்டார். தாளிப்பதை எப்படிச் சொல்வேன்? "மஸ்டர்ட்" என்றேன். அவர் லிண்டாவைப் பார்த்தார்.

குழந்தைக்கு ஒன்றும் ஆகவில்லை. கடவுள் கண் திறந்தார். மறுநாள் ஆட்கள் வந்து சுழலும் பிரஷ்ஷை விட்டுக் குழாயைக் குடைந்தார்கள். வழியை அடைத்துக்கொண்டிருந்த ஒரு பழைய குருவிக்கூடு வந்தது. அதன்மேல் கெட்டியாக நூல்தூசி, நிலாவின் மஞ்சள் சட்டை நூலும் என் நீலச் சேலை நூலும் பின்னிக்கொண்டு.

"ஏம்மா, முன்னாடியே சொல்லிருக்கக் கூடாதா?" என்றான் சரவணன். அவனுக்குக் கண் கலங்கியிருந்தது. கவிதாதான் சொன்னாள்: "அத்தை சொன்னாங்க. நாமதான் சிரிச்சோம்."

இப்போது அலாரத்துக்குத் தொப்பி இல்லை. தாளிக்கும்போது கத்துகிறது. யாராவது எழுந்து ஜன்னலைத் திறக்கிறார்கள். என் தலைவலி போய்விட்டது. ஆனால் அது போன பிறகுதான் தெரிகிறது, அதற்கு அடியில் இன்னொன்று இருந்திருக்கிறது. காலையில் எழுந்ததும் நெஞ்சில் கல் வைத்தது போல் இருக்கிறது. அன்றைக்கு அவன் சொன்ன ஊர் ஞாபகம் இன்றைக்குத்தான் வந்திருக்கிறது. அதை எந்த வாயால் சொல்வேன்? அப்போது இல்லை என்று சாதித்தவள் நான். சொல்லிவிட்டு ஊருக்குப் போனாலும், மெஷின் ஓடும்போது சுவரை யார் பார்ப்பார்கள்?

அதனால் மெஷினைப் போட்டதும் பின்பக்கம் போய் நிற்கிறேன். தூங்கும் பிள்ளையின் மூக்கில் விரல் வைத்துப் பார்ப்பது போல அந்த ஓட்டைக்கு நேரே கையை நீட்டுகிறேன். மூச்சு வருகிறது. உள்ளங்கை சாத்தூர் வெயிலில் இருக்கிறது, முதுகில் பனி விழுகிறது. அந்தக் கையை எடுக்கவும் முடியவில்லை, அப்படியே நிற்கவும் முடியவில்லை.