பாஸ்வேர்டில் ஒரு பெரிய எழுத்து

அலுவலகத்தில் அவனுக்குப் பெயர் 'கொட்டை எழுத்து'. யாராவது துளி தப்பு செய்தால் போதும், அந்த ஆளைத் திட்டி, அத்தனை பேருக்கும் தெரிகிற மாதிரி கொட்டை எழுத்தில் மெசேஜ் போடுவான். திட்டு வாங்கியவர்கள் சேர்ந்து வைத்த பெயர் அது. முகத்துக்கு நேரே சொல்கிற தைரியம் ஒருத்தருக்கும் கிடையாது.

இணையதளங்களுக்கு நிரல் எழுதுவது அவன் வேலை. அந்தப் படிப்பைப் படிக்க வைத்தது அவன் அக்கா. தையல் மிஷினை மிதித்து மிதித்தே முழங்கால் போனவள். அதை அவன் மறந்துவிட்டான் என்று சொல்ல முடியாது. நினைவிருந்தது, அவ்வளவுதான்.

இலவசமாகப் படிக்க வைக்கிற ஒரு கல்லூரியின் விண்ணப்பத் தளம் அவன் பொறுப்பில் இருந்தது. செல்போனில் மின்னஞ்சல் முகவரி அடித்தால் முதல் எழுத்து தானாகவே பெரிய எழுத்தாகிவிடும். பதிவிலோ சின்ன எழுத்து இருக்கும். மனுஷனுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. உள்ளே விடாது. புகார் மேல் புகார். விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் காலையில் எரிச்சலோடு உட்கார்ந்தவன், யார் என்ன அடித்தாலும் சின்ன எழுத்தாக மாற்றிவிடு என்று ஒரே வரியில் எழுதித் தள்ளினான். முகவரிப் பெட்டிக்கு மட்டும் என்று எழுதியிருக்க வேண்டும். எல்லாப் பெட்டிக்கும் என்று எழுதிவிட்டான். பாஸ்வேர்டும் அதில் மாட்டிக்கொண்டது. தன் கணக்கைத் திறந்து பார்த்தான், திறந்தது. ஏன் திறக்காது? அவன் பாஸ்வேர்டு முழுக்கச் சின்ன எழுத்து! பெரிய எழுத்து வைத்தவர்கள் கதி என்ன என்று அந்த மகா மேதாவிக்குத் தோன்றவில்லை.

மத்தியானம் அக்கா மகள் போன் செய்தாள். விண்ணப்பத்தை முழுக்க நிரப்பி வைத்திருந்தாள். உள்ளே போய் அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

"மாமா, உள்ளயே விட மாட்டேங்குது. மூணு தடவை அடிச்சேன், பூட்டிக்கிச்சு. நாளைக்குத்தான் திறக்குமாம். இன்னிக்கு சாயங்காலம் முடியுது மாமா."

"தப்பா அடிச்சிருப்பே."

"இல்ல மாமா, பாஸ்வேர்டு அம்மா பேருதான். முதல் எழுத்து பெரிசு. எனக்குத் தெரியாதா?"

அவன் போனை ஸ்பீக்கரில் போட்டான். "கேளுங்கப்பா, மேடம் காலேஜ் போகப் போறாங்க. ஒரு பேரு அடிக்க வரலையாம்." சிரித்தால் நல்லது என்று தெரிந்தவர்கள் சிரித்தார்கள்.

"நீங்க நினைச்சா திறந்து விடலாம்ல மாமா?" குரல் உடைந்துபோயிருந்தது.

திறந்திருக்கலாம். உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரு தட்டு தட்டினால் போதும்.

"இப்ப அனுபவிச்சாத்தான் அடுத்த தடவை ஒழுங்கா அடிப்பே. வை போனை."

மறுநாள் புகார்கள் குவிந்தபோதுதான் தன் வரியைப் பார்த்தான். தப்பு தன்னுடையதுதான் என்று புரிந்தது. உண்மையைச் சொன்னால் கல்லூரி இன்னொரு நாள் கொடுக்கும், அந்தப் பிள்ளைக்கு இடம் கிடைக்கும். ஆனால் அந்த வாரம்தான் அவனைக் குழுத் தலைவனாக்கப் போகிறார்கள். கமுக்கமாக வரியைத் திருத்தினான். 'கடைசி நேரத்தில் பதறித் தப்பாக அடித்தவர்களின் புகார்கள், வேறொன்றுமில்லை' என்று கல்லூரிக்கு எழுதினான். கொட்டை எழுத்து ஒன்றுகூட இல்லாமல், அவ்வளவு பணிவாக.

அக்கா தன் மகளை அறைந்தாளாம். "கண்ணை எங்கடி வச்சிருந்தே? எனக்குக் கால் போச்சு, வந்து மிஷின்ல உக்காரு" என்றாளாம். அவனிடம் போனில் சொல்லிச் சொல்லி அழுதாள். "விடுக்கா, அவ கவனமா இருந்திருக்கணும்" என்று சொல்ல அவனுக்கு நாக்கு கூசவில்லை. படுபாவி!

தலைவனான பிறகு வாங்கிய புது பேன்ட் நீளமாக இருந்தது. கூலி கொடுத்து வெளியில் தைப்பானேன் என்று அக்கா வீட்டுக்குக் கொண்டுபோனான். அக்கா மகள் மிஷினில் உட்கார்ந்து கால் பக்கத்தை மடித்துத் தைத்தாள். பாதியில் நிறுத்தினாள்.

"மாமா, நேத்து சும்மா அடிச்சுப் பார்த்தேன். அதே பாஸ்வேர்டுதான். திறந்துடுச்சு. அன்னிக்கும் நான் சரியாத்தானே அடிச்சேன்?"

அக்கா அடுப்படி வாசலில் வந்து நின்றாள். இரண்டு பேரும் அவன் வாயையே பார்த்தார்கள்.

"அன்னிக்குப் பதட்டத்துல பெரிய எழுத்தை விட்டிருப்பே. நேத்து நிதானமா அடிச்சிருக்கே. அதான்."

அவள் நினைத்துப் பார்த்தாள். படித்தவர், தலைவர், அம்மாவின் தம்பி, அவருக்குத் தெரியாததா?

"அப்படித்தான் இருக்கும் மாமா. நான்தான் விட்டிருப்பேன்."

"உன் புத்தியில பாதி இருந்தாக்கூட இவ பொழைச்சிருப்பாடா தம்பி" என்றாள் அக்கா.

அக்கா மகள் மிச்சத்தையும் தைத்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்து, பேன்ட்டை உதறி நீட்டினாள்.

"போட்டுப் பாருங்க மாமா, சரியா இருக்கான்னு."

போட்டுப் பார்த்தான். கச்சிதமாக இருந்தது.