முழங்கால் வைக்காமல்

எனக்கும் என் தங்கைக்கும் பாத அளவு ஒன்றே. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் பழைய கான்வாஸ் ஷூ ஒரு ஜோடி வாங்கியபோது அது வசதியாகத்தான் தோன்றியது. பாறையில் ஒருவர் ஏறும்போது மற்றவர் கீழே நின்று கயிறு பிடிக்க வேண்டும். ஏறியவர் இறங்கி வந்து ஷூவைக் கழற்றித் தந்தால் நின்றவர் மாட்டிக்கொள்ளலாம். ஆனால் அவளுடைய காலின் சூடு ஆறாத அந்த ஷூவுக்குள் என் காலை நுழைக்கும்போதெல்லாம் எனக்குள் ஏதோ சுருங்கும். அவள் மேலே போய் வந்த இடம் அந்தச் சூட்டில் இருந்தது.

எண்பதுகளின் நடுப்பகுதி அது. நாங்கள் மேற்குத் தாம்பரத்தில் குடியிருந்தோம். நான் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். யாரும் எடுத்துப் போகாத அலமாரி ஒன்றில் மலையேற்றப் புத்தகங்கள் சில இருந்தன. மதிய இடைவேளைகளில் அவற்றை வரிக்கு வரி படித்தேன். பனிமலையைக் கண்ணால் பார்க்காமலேயே கயிற்றின் முடிச்சுகளையும் பாறையின் விரிசல் வகைகளையும் தெரிந்துவைத்திருந்தேன். பல்லாவரத்துக்குப் பின்னால் உள்ள குன்றில் ஒரு குழு ஞாயிறுதோறும் பாறை ஏறப் பழக்குகிறது என்று கேள்விப்பட்டதும், என் வாழ்நாள் முழுவதும் அதற்காகவே காத்திருந்ததுபோல் ஆகிவிட்டது.

"தனியா எல்லாம் அனுப்ப மாட்டேன். தங்கச்சியையும் கூட்டிட்டுப் போ" என்றார் அப்பா.

கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த அவள் போர்வைக்குள்ளிருந்தே கத்தினாள். "வாரத்துல ஒருநாள்தான் தூங்கறேன். அதுவும் போச்சா?"

இப்படித்தான் அவள் வந்தாள், எனக்குத் துணையாக.

குழுவை நடத்தியவர் கிண்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். வடக்கே போய் முறையாகப் பயிற்சி பெற்றவர். நாங்கள் அவரை சார் என்று அழைத்தோம். பாறையின் உச்சியிலிருந்த மரத்தில் கொக்கியை மாட்டி, அதன் வழியாகக் கயிற்றை விட்டிருப்பார். ஒரு முனை ஏறுபவரின் இடுப்பில் இருக்கும். மறுமுனையைக் கீழே நிற்பவர் தன் முதுகைச் சுற்றிப் பிடித்திருப்பார். ஏறுபவர் தவறினால் கயிறு தாங்கும். சார் முதல் நாளே சொன்ன பாடம் ஒன்றுதான். "கையால ஏறாதீங்க, காலால ஏறுங்க. எந்தக் காரணத்துக்காகவும் முழங்காலை வைக்காதீங்க. முழங்கால் வெச்சா அதுக்கு மேல எழுந்து நிக்க முடியாது."

அது ஏன் என்று புதிதாக வந்தவர்களுக்கு விளக்கும் அளவுக்கு எனக்குத் தெரியும். விளக்கியும் இருக்கிறேன். ஆனால் பாறையில் ஒட்டியதும் என் முழங்கால் தானாகவே போய் விளிம்பில் உட்கார்ந்துகொள்ளும். தங்கைக்கு எதுவும் தெரியாது. முடிச்சின் பெயர்கூட ஞாபகம் இருக்காது. அவள் காலின் நுனியை ஒரு புடைப்பின் மேல் வைப்பாள், எழுந்து நிற்பாள், அடுத்ததைப் பார்ப்பாள்.

"எங்கேடி கத்துக்கிட்டே?" என்று ஒருநாள் கேட்டேன்.

"இதுல கத்துக்க என்ன இருக்கு? மாடிப்படி ஏறற மாதிரிதானே?"

அவள் அதைத் தற்பெருமையாகச் சொல்லவில்லை. அதனால்தான் என்னால் அதை மறக்க முடியவில்லை.

அம்மா எங்கள் உடைகளைத் துவைக்கும்போது வியப்பார். "ஒருத்தி சல்வார் புதுசு மாதிரி இருக்கு. ஒருத்தியோடது முட்டியில கந்தல். ரெண்டு பேரும் ஒரே பாறையைத்தானே ஏறறீங்க?" அந்தக் கந்தலை நானே உட்கார்ந்து தைப்பேன். ஷூவைப் புரட்டிப் பார்த்தால் பெருவிரல் பக்கம் மட்டும் ரப்பர் மெலிந்திருக்கும். அது அவள் நின்ற தேய்மானம். நான் அந்த ஷூவில் விட்ட தடம் என்று எதுவும் இல்லை. அவளுக்கு அக்கறை போதாது, ஆர்வம் போதாது என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொறாமை என்ற சொல்லை மட்டும் கிட்டே வர விடவில்லை.

குன்றில் ஆடு மேய்க்க வரும் ஒரு அம்மாவுக்கு எங்களைப் பார்ப்பதே பொழுதுபோக்கு. "இன்னாம்மா, அந்தாண்ட நல்லா வழி கீது. ஆடே நடந்து போவுது. நீங்க இன்னாத்துக்குக் கயித்தக் கட்டிகினு தொங்கறீங்க?" என்பார். பிறகு தங்கையைக் காட்டி, "அந்தச் சின்னப் பொண்ணு பரவால்ல. பெரிசு நீதான் பாறையக் கட்டிப் புடிச்சிகினு அழுவுற" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அந்தக் கோடைக்கு முன்பு சார் ஒரு செய்தி சொன்னார். இமயமலை அடிவாரத்தில் ஒரு மாதப் பயிற்சி. எங்கள் பாறையின் செங்குத்துப் பக்கத்தை முழங்கால் வைக்காமல் ஏறிக் காட்டுகிறவர்களை அனுப்பலாம். அப்பா யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. "போனா ரெண்டு பேரும் போங்க. இல்லைன்னா ரெண்டு பேரும் வேணாம்."

அன்றிலிருந்து தங்கை தானாகவே அதிகாலையில் எழ ஆரம்பித்தாள். அவள் போவதும் போகாததும் இப்போது என் முழங்காலைப் பொறுத்திருந்தது.

சோதனை நாளன்று அவள் முதலில் ஏறினாள். சொல்வதற்கு ஒன்றும் இல்லாதபடி ஏறினாள். இறங்கி வந்து ஷூவை எனக்கு அவளே மாட்டி, நாடாவை இறுக்கிக் கட்டினாள். கயிற்றைத் தன் முதுகைச் சுற்றிப் பிடித்துக்கொண்டாள்.

பாதி உயரத்தில் சரிவான ஒரு விளிம்பு. என் முழங்கால் எப்போதும் போய் உட்காரும் இடம். அங்கே நின்றேன்.

"அக்கா, கீழே பாரு. வலது காலுக்குப் பக்கத்துல சின்னதா ஒரு மூலை இருக்கு. நுனிக்காலை வை" என்று கத்தினாள்.

அவள் சொன்னதாலேயே நான் பார்க்கவில்லை.

அப்போது மீனம்பாக்கத்திலிருந்து ஒரு விமானம் எழுந்தது. குன்றையே நிறைத்த அந்த இரைச்சலில் அவள் குரல் மறைந்தது. சார் ஒரு கணம் விமானத்தை அண்ணாந்து பார்த்தார். அதே கணத்தில் என் இடுப்பில் கயிறு இறுகியது. உடம்பு லேசானது. விளிம்பைத் தாண்டிவிட்டேன். மீதியை எளிதாக ஏறி மரத்தைத் தொட்டேன்.

இறங்கியதும் சார் கேட்டார். "முழங்கால் வைக்காம வந்தீங்களா?"

"வைக்கலை சார், நான் பாத்தேன்" என்றாள் தங்கை. அவள் உள்ளங்கைகள் கயிறு அறுத்துச் சிவந்திருந்தன.

"கயிறு தூக்கிடுச்சு சார்" என்றேன் நான். "மறுபடியும் ஏறறேன். நீங்க பிடிங்க."

அவர் பிடித்தார். அதே விளிம்பில் என் முழங்கால் போய் ஒட்டிக்கொண்டது. தவறிக் கயிற்றில் தொங்கினேன். அவர் மெதுவாக என்னைக் கீழே இறக்கி, "தங்கச்சி இந்த வருஷம் போகட்டும்" என்றார்.

திரும்பி வரும் ரயில் குரோம்பேட்டையைத் தாண்டியது. அவள் ஜன்னல் பக்கம் பார்த்தபடி சொன்னாள்.

"உனக்குப் பொறாமை. நான் போயிடுவேன்னுதானே உளறினே?"

"நான் ஏறலைடி."

"யாருக்குத் தெரியும்?"

"உனக்குத் தெரியும்."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவளால் தூக்கிவிடப்பட்டவளாக ஒரு மாதம் அவள் பக்கத்தில் நிற்பது என்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அவள் சொன்னது சரி. நான் உண்மையைத்தான் சொன்னேன். சொல்ல வைத்தது பொறாமை.

அன்று மாலை அப்பா வானொலியில் செய்தி கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் அவர் எதிரில் போய் நின்றேன்.

"அவளை மட்டும் அனுப்புங்கப்பா."

"ஏன்? நீ போகலை?"

"அவளுக்கு வருது. எனக்கு வரலை."

இவ்வளவு சிறிய வாக்கியம். பாறையின் எந்த இடமும் எனக்கு இவ்வளவு கடினமாக இருந்ததில்லை. சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. கதவுக்குப் பின்னால் தங்கை இருந்தாள் என்பது எனக்குத் தெரியும்.

"உனக்கா வரலை? அவ்வளவு புஸ்தகம் படிச்சியே?"

"படிச்சேன். வரலை."

அப்பா வானொலியை அணைத்தார். "கூட வேற பொண்ணுங்க யாராவது போறாங்களான்னு விசாரி" என்றார். இருவர் போகிறார்கள் என்றேன். அத்துடன் அது முடிந்தது.

கிளம்பும் நாளில் அவள் ஷூவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "இது?"

"போட்டுக்கிட்டுப் போ."

"உனக்கு?"

"எனக்குக் கால் இருக்கு."

அவள் இல்லாத ஞாயிறுகளில் நான் முதல் ரயிலைப் பிடித்து, பாறை சூடேறுவதற்கு முன்பே போய்விடுவேன். சார் கயிறு பிடிப்பார். வெறுங்காலில் முதலில் தோல்தான் உரிந்தது. பிறகு ஒருநாள், அந்தச் சரிவான விளிம்பில் நின்று, வேறு வழியில்லாமல் கீழே பார்த்தேன். வலது காலுக்குப் பக்கத்தில் மூலை இருந்தது. அவள் சொன்ன அதே இடத்தில், அவள் சொன்ன அதே அளவில் இருந்தது. அதைக் கண்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. கோபத்தோடு அதன்மேல் பெருவிரலை ஊன்றி எழுந்து நின்றேன்.

அவள் வெயிலில் முகம் கறுத்துத் திரும்பி வந்தாள். ஷூவின் நுனி ஓட்டையாகியிருந்தது. இரவுச் சாப்பாட்டின்போது அவள் பனியைப் பற்றியும் பெரிய பாறைகளைப் பற்றியும் சொல்லச் சொல்ல, அப்பா சோறு காய்ந்த கையோடு கேட்டுக்கொண்டிருந்தார். நான் எல்லோருக்கும் மோர் ஊற்றினேன். ஒவ்வொரு மலையின் பெயரும் நான் முன்பே படித்த பெயர்.

படுக்கும்போது அவள் கேட்டாள். "நீ இன்னும் முழங்கால்தானா?"

"ஞாயித்துக்கிழமை வா. கயித்தை இழுக்காம பிடி."

அவள் சிரித்துவிட்டு, கட்டிலுக்கடியில் கிடந்த ஷூவைக் காலால் என் பக்கம் தள்ளினாள். நான் அதை அவள் பக்கமே திருப்பித் தள்ளினேன்.