சீசரின் இரத்தம் உறைந்த நேரம்

தேயிலைக் கொழுந்து ஏற்றும் லொறி காலில் ஏறிய பிறகு ஏழுமலையால் மலை ஏற முடியவில்லை. மலை ஏறாதவனுக்கு பலாங்கொடைக்கு மேலே இருந்த அந்தத் தோட்டத்தில் வேலைக்குப் பேர் போட மாட்டார்கள். தோட்டத்தை நடத்தும் துரையின் அல்சேஷன் நாய் சீசரைக் குளிப்பாட்டி, சோறு வைத்து, உண்ணி பொறுக்கித்தான் ஆறு வருஷமாகப் பேரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்திரண்டில் சீசர் இருமத் தொடங்கியது. இதயத்தில் நூல் நூலாகப் புழு என்றார் கொழும்பிலிருந்து வந்த மிருக வைத்தியர். இரண்டு நாளில் நான்கு ஊசி போட்டார். புழு சாகும், செத்த புழு நுரையீரலில் போய் அடைக்கும், அங்கே இரத்தம் கட்டிக்கொள்ளும் என்று துரையிடம் இங்கிலீஷில் விளக்கிவிட்டுப் போனார். துரை அதை ஏழுமலைக்குச் சிங்களத்தில் சுருக்கினார்: இரத்தம் கட்டினால் நாய் செத்தது, நாயை ஓடவிடாதே, தினமும் இரத்தத்தைப் பார். எப்படி இருந்தால் நல்லது, எப்படி இருந்தால் கெட்டது என்று ஏழுமலை கேட்கவில்லை. துரை சொன்னதற்குத் தலையாட்டுவார்களே தவிர, திருப்பிக் கேட்கும் பழக்கம் அங்கே யாருக்கும் கிடையாது.

காலையில் தோட்ட ஆஸ்பத்திரி மருந்துக்காரர் தருமலிங்கம் வருவார். யாழ்ப்பாணத்துக்காரர். நாயின் முன்னங்காலில் இரத்தம் எடுத்துச் சின்னக் கண்ணாடிக் குழாயில் விட்டு ஏழுமலையிடம் கொடுப்பார்.

"கையுக்க பொத்தி வை. அரை நிமிஷத்துக்கு ஒருக்காச் சரிச்சுப் பார். அசையாமல் நிண்டா உறைஞ்சிட்டுது."

தொழிலாளர் குடியிருந்த லயங்களில் வயிற்றோட்டம் பரவியிருந்தது. சொல்லிவிட்டு அங்கே ஓடிவிடுவார். பங்களாக் கடிகாரத்தைப் பார்த்துக் குழாயைச் சரிக்கும்போதெல்லாம் ஏழுமலை நாய்க்கூண்டின் சுவரில் ஒரு கரிக்கோடு போடுவான். முதல் நான்கு நாளும் பதினாறு கோடு. ஐந்தாம் நாள் இருபத்தெட்டு. ஆறாம் நாள் நாற்பது. ஏழாம் நாள் சுவரில் இடம் தேட வேண்டியிருந்தது. அவன் மனசு லேசாகியது.

"கட்டவே மாட்டேங்குது புள்ள, தண்ணி மாதிரி ஓடுது. பொழச்சிக்கும்" என்றான் மனைவி ஜெயம்மாவிடம்.

"கட்டுனவள இப்புடி ஒரு நாள் பாத்திருப்பியா?" என்றாள் அவள். அவளுக்கும் சிரிப்பு வந்தது.

மருந்துக்காரர் தினமும் எப்படி என்று கேட்பார். நல்லா இருக்குங்கய்யா என்பான் இவன். அவர் சுவரைப் பார்க்கமாட்டார்.

எட்டாம் நாள் சீசரின் ஈறு கசிந்தது. ஊசி குத்திய இடத்தில் இரத்தம் நிற்கவில்லை. அன்றைக்குத்தான் தருமலிங்கம் கரிக்கோடுகளை எண்ணினார்.

"உது எப்ப துவங்கினது?"

"நாலு நாளாங்கய்யா. நாளுக்கு நாள் நல்லாகிட்டு வருதுங்க."

அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். நுரையீரலுக்குள் கண்ட இடமெல்லாம் இரத்தம் கட்டி, உறைகிற சத்து அங்கேயே தீர்ந்துபோயிற்று, அதனால்தான் வெளியே உறையவில்லை என்று மெதுவாகச் சொன்னார். "கால் மணித்தியாலம் தாண்டினா உடன சொல்லெண்டு உனக்கு..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். அதை அவர் ஏழுமலையிடம் சொல்லியிருக்கவில்லை. வைத்தியர் அதை எழுதிக் கொடுத்த துண்டுச்சீட்டு அவருடைய சட்டைப்பையிலேயே இருந்தது.

கொழும்புக்குப் போன் போட்டார்கள். வைத்தியர் மறுநாள்தான் வர முடியும் என்றார். மத்தியானம் சீசர் ஏழுமலையின் மடியில் தலைவைத்தபடி செத்துப்போயிற்று.

துரை வந்து, தினமும் பார்த்தீர்களா என்று கேட்டார். பார்த்தோம் என்றார் தருமலிங்கம். ஏழுமலை தலையாட்டினான்.

"அந்த மருந்தய்யாவும் செவத்தப் பாக்கலன்னு தொரகிட்ட நீ ஒரு வார்த்த சொன்னா என்னா?" என்றாள் ஜெயம்மா.

"நாளைக்கு ஒனக்குக் காய்ச்சல்னா அவருகிட்டதானே போவணும்" என்றான்.

திங்கட்கிழமை, காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு வரச்சொல்லி ஆள் வந்தது. கங்காணி அவனை உச்சி மலைக்குப் புல்லு வெட்ட அனுப்பினார். பாதி ஏற்றத்தில் கால் மடங்கி உட்கார்ந்தான். மறுநாளும் அதே இடத்தில்தான் உட்கார்ந்தான். மூன்றாம் நாள் பெரட்டில் எல்லாப் பெயரையும் கூப்பிட்டு முடித்தார்கள். அவன் பெயரைக் கூப்பிடவில்லை.