சிரிப்புக்குப் போதுமான வெளிச்சம்

என் கடைக்கு டார்ச் வாங்க வருகிறவர்கள் இரண்டே கேள்விதான் கேட்பார்கள். எவ்வளவு தூரம் அடிக்கும்? சார்ஜ் எவ்வளவு நேரம் நிற்கும்? வாய்க்கு வந்த பதிலைச் சொல்லி அனுப்பிவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கலாம். பெயிண்டர் அந்த ரகம் இல்லை. அவர் படியேறினாலே அன்றைக்கு என் பாதி நாள் போச்சு என்று அர்த்தம்.

என்னுடையது எலக்ட்ரிக்கல் சாமான் கடை. ஒயர், சுவிட்ச், பல்பு, ஃபேன் சாமான்கள், கண்ணாடி அலமாரியில் விரல் நீளத்துக்குச் சின்னச் சின்ன சார்ஜ் டார்ச்சுகள். பெயிண்டர் முதலில் வேலைக்காகத்தான் வந்தார். பட்டி பூசித் தேய்த்த சுவரில் டார்ச்சைப் பக்கவாட்டில் ஒட்டிப் பிடித்து அடித்தால், சாதாரணமாகக் கண்ணுக்குப் படாத மேடுபள்ளமெல்லாம் நிழல் விட்டுக் காட்டிக்கொடுத்துவிடும். அதற்குச் சட்டைப்பையில் அடங்குகிற மாதிரி ஒன்று கேட்டார், கொடுத்தேன். கொஞ்ச நாளில் திரும்பி வந்து இன்னொன்று வேண்டும் என்றார்.

"ஏன், அது என்னாச்சு?"

"அது நல்லாத்தான் எரியுதுண்ணே. இது வீட்டுக்கு."

வீட்டுக்கு என்றவர் அலமாரியில் இருந்த எல்லாவற்றையும் இறக்கச் சொன்னார். டார்ச் வாங்குகிறவன் சுவரில் அடித்துப் பார்ப்பான், கூரையில் அடித்துப் பார்ப்பான். இவர் தன் முகத்திலேயே அடித்துக்கொண்டார். நான் தலைவாரிக்கொள்ள மாட்டியிருந்த கண்ணாடிக்கு முன்னால் போய் நின்று, சத்தமில்லாமல் வாயைத் திறந்து திறந்து மூடினார். ஆளுக்கு மரை கழன்றுவிட்டது என்று நினைத்தேன்.

"என்ன பெயிண்டரே, பல்லு வலியா?"

"இல்லண்ணே. உதடு தெரியுதான்னு பாக்கறேன்."

உதடு தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று நான் கேட்கவில்லை. எனக்கு ஆயிரம் வேலை. பெரிய நம்பர் போட்ட பெட்டி ஒன்றை எடுத்து நீட்டி, இதுதான் இருப்பதிலேயே பிரகாசம், வாங்கிக்கொண்டு கிளம்புங்கள் என்றேன். டார்ச் பெட்டி மேல் போட்டிருக்கிற லூமன் என்கிற வெளிச்சக் கணக்கு, கல்யாணத் தரகர் சொல்லும் வயசு மாதிரிதான். அது எனக்கும் தெரியும். ஆனால் கடைக்காரன் தன் வாயால் சொல்வானா? பெயிண்டர் அதைப் போட்டுப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். முகம் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுத்துப்போய் உதட்டின் கோடே தெரியவில்லை என்றார். இன்னொன்றில் வெளிச்சம் ஒரு பொட்டு மாதிரி விழுந்து மூக்கு மட்டும் ஜொலித்தது. வேறொன்று போட்டதும் சூரியனாக எரிந்து, கை சுட ஆரம்பித்ததும் சத்தமில்லாமல் மங்கியது. கடைசியில் லேசாக மஞ்சளடித்த, எரிய ஆரம்பித்தால் ஒரே சீராக எரிகிற ஒன்றை எடுத்துப் போனார். அடுத்த வாரமே அதையும் திருப்பிக் கொண்டுவந்தார்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "இது கடையா, கண்காட்சியா? உங்க உதட்டை யார் பாக்கணுமோ அவங்களையே கூட்டிட்டு வாங்க. அவங்க சொல்லட்டும்!"

மறுநாள் சாயங்காலம் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றார்.

அந்தம்மாவுக்குக் காது கேட்காது. சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலோடு போனது. அதற்குள் பேசக் கற்றிருந்ததால் பேச்சு இருந்தது. ஏற்ற இறக்கம் இல்லாமல், ஆனால் தயக்கமே இல்லாமல் பேசுவார். எதிராளியின் உதட்டைப் பார்த்தே எல்லாம் புரிந்துகொள்வார். வந்ததும் என் கடையின் தூசியைப் பற்றி ஒரு பாட்டம் பேசித் தீர்த்தார். அவர் ஒயர்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பெயிண்டர் என் பக்கம் திரும்பி விஷயத்தைச் சொன்னார். அந்தம்மாவுக்குக் கண்ணுக்குப் பின்னால் நரம்பு காய்ந்துகொண்டே வருகிறதாம். மருந்து கிடையாதாம். முதலில் மங்கல் வெளிச்சத்தில் தெரியாமல் போகும், பிறகு பகலிலும் போகும் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். தையல் வேலையை ஏற்கெனவே விட்டாயிற்று. வீட்டு லைட்டில் இப்போதெல்லாம் அவர் உதடு அந்தம்மாவுக்குத் தெரிவதில்லை.

"அவளுக்கு என் வாய்தாண்ணே காது. அதுவும் தெரியலைன்னா அவ உள்ளயே தனியா மாட்டிக்குவா," என்றார்.

நான் எழுந்து போய் ஷட்டரை இறக்கினேன். அவர்கள் வீட்டு மங்கல் வேண்டுமே என்று கடை லைட்டையும் அணைத்தேன். பெயிண்டர் டார்ச்சை நெஞ்சுக்கு நேராகப் பிடித்து முகத்தில் அடித்துக்கொண்டு, இன்னொரு கையால் மனைவியின் மணிக்கட்டில் மெல்லத் தட்டினார். பேசப்போகிறேன், பார் என்பதற்கு அவர்களுக்குள் அதுதான் அடையாளம். பிறகு சத்தமில்லாமல் எதையோ சொன்னார். அந்தம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு உதட்டைப் பிதுக்கினார். அடுத்த டார்ச்சிலும் அதேதான். மூன்றாவதில் குபீரென்று சிரித்து, புருஷன் தோளில் ஓங்கி ஒன்று வைத்தார்.

"என்னம்மா சொன்னாரு?" என்று, டார்ச்சைப் பிடுங்கி என் முகத்தில் அடித்துக்கொண்டு கேட்டேன்.

"உங்க மூஞ்சி விளக்கெண்ணெய் குடிச்ச மாதிரி இருக்காம் அண்ணே."

கோபம் வரவேண்டிய இடம். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைக்குப் புரிந்தது, இந்த ஆளுக்கு லூமனும் வேண்டாம், தூரமும் வேண்டாம். எந்த வெளிச்சத்தில் அந்தம்மா சிரிக்கிறாரோ அதுதான் அவருக்கு நல்ல டார்ச்.

பெயிண்டர் நாள் முழுக்கச் சாரத்தில் மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு நிற்கிறவர். பேச முடியாது. ஆனால் காதும் கண்ணும் திறந்துதான் இருக்கும். வீட்டுக்காரன் மனைவி ஒரு கலர் சொல்வாள், மாமியார் வேறு கலர் சொல்வாள், வீட்டுக்காரன் பெயிண்டரைத் தனியாகக் கூப்பிட்டு இரண்டையும் கலந்துவிட முடியுமா என்று கேட்பான். இதையெல்லாம் சேர்த்து வைத்துக்கொண்டு சாயங்காலம் வீட்டுக்குப் போய், குளித்துவிட்டு, மனைவிக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து நடித்துக் காட்டுவார். மாமியார் மாதிரி கழுத்தை வெட்டுவார், வீட்டுக்காரன் மாதிரி பம்முவார். அந்தம்மா சிரிக்கிற சிரிப்பு மாடி வீட்டுக்குக் கேட்குமாம். தன் சிரிப்பு எவ்வளவு சத்தம் என்று அவருக்கே தெரியாதே. கல்யாணம் ஆனதிலிருந்து இதுதான் அவர்கள் வீட்டில் சினிமா, ரேடியோ எல்லாம். என் வீட்டில் இரண்டு பேருக்கும் காது பிரமாதமாகக் கேட்கும், பேச்சுதான் கிடையாது. அதனால் அவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

அதற்குப் பிறகு சில மாதங்களுக்கு ஒருமுறை வருவார்கள். போன தடவை போதுமாக இருந்த வெளிச்சம் இந்தத் தடவை போதாது. மஞ்சள் போய் வெள்ளை வந்தது. கண்கூச்சம் குறைய டார்ச் கண்ணாடி மேல் பெயிண்டர் மெல்லிய காகிதம் ஒட்டினார். அப்புறம் காகிதத்தை எடுத்துவிட்டார். புது சரக்கு வந்தால் நானே கண்ணாடிக்கு முன்னால் நின்று, முகத்தில் அடித்து, வாயசைத்துப் பார்த்து, அவர்களுக்கென்று தனியாக எடுத்து வைக்க ஆரம்பித்தேன். ஒருநாள் சாப்பாடு கொண்டுவந்த என் வீட்டுக்காரி அந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டாள். ஒன்றும் கேட்காமல் சாப்பாட்டை வைத்துவிட்டுப் போனாள்.

ஒரு மாற்றத்தை மட்டும் கவனித்தேன். முன்பெல்லாம் புருஷன் என்ன சொன்னார் என்று அந்தம்மா என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். போகப் போக வெறுமனே சிரிப்போடு நிறுத்திக்கொண்டார். நான் டார்ச்சை முகத்தில் அடித்துக் கேட்டாலும், பொதுவாகத் தலையை ஆட்டிவிட்டு ஒயர் பக்கம் திரும்பிக்கொள்வார். புருஷன் பெண்டாட்டிக்குள் ஆயிரம் இருக்கும், நமக்கெதற்கு என்று விட்டுவிட்டேன்.

பிறகு ஒரு புது மாடல் வந்தது. கட்டை விரல் பருமன்தான், ஆனால் சட்டைப்பையில் வைக்கிற டார்ச்சில் அவ்வளவு வெளிச்சத்தைத் தானே பார்த்ததில்லை என்று ஏஜென்ட் சத்தியம் செய்தார். இதற்கு மேல் பிரகாசமாக இந்த அளவில் வராது என்றார். பெட்டியைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் பெயிண்டருக்குப் போன் போட்டேன். சாயங்காலம் இருவரும் வந்தார்கள். அந்தம்மா அவர் முழங்கையை இறுகப் பிடித்துக்கொண்டு படியேறினார். புதுப் புடவை கட்டியிருந்தார்.

ஷட்டரைத் தரை வரைக்கும் இறக்கிவிட்டு, லைட்டை அணைத்து, சுவிட்ச் பக்கத்திலேயே நின்றேன். முதலில் அவர்களுடைய பழைய டார்ச். பெயிண்டர் மணிக்கட்டில் தட்டினார், எதையோ சொன்னார், அந்தம்மா சிரித்தார். அடுத்து, அலமாரியில் இருந்த இன்னொன்று. தட்டினார், சொன்னார், சிரித்தார். பிறகு புது டார்ச்சைக் கையில் எடுத்து நெஞ்சுக்கு நேரே பிடித்தார். பழக்க தோஷத்தில் இன்னொரு கை மணிக்கட்டில் தட்டிவிட்டது. பட்டனை அழுத்தினார். எரியவில்லை. மறுபடி அழுத்தினார். பெட்டியில் வந்த சாமானுக்குச் சார்ஜ் போட வேண்டும் என்பது என் மரமண்டைக்கு உறைக்கவே இல்லை.

கும்மிருட்டில் பெயிண்டர் என் பக்கம் திரும்பி, "அண்ணே, இது எரியல," என்றார்.

அந்தம்மா சிரித்தார். அதே குபீர் சிரிப்பு. தோளில் அதே அடி.

என் கை தானாகச் சுவிட்சைப் போட்டது. ட்யூப் லைட் கடை முழுக்கப் பளீரென்று எரிந்தது. அந்தம்மா இமைக்கவில்லை. எரியாத டார்ச்சுக்கு நேரே முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தபடியே நின்றார்.

"இது ரொம்ப நல்லா இருக்கு. முன்னதவிட இதுல பளிச்சுன்னு தெரியுது. இதையே வாங்கிடலாம்," என்றார்.

பெயிண்டர் கையிலிருந்த டார்ச்சைப் பார்த்தார். அப்புறம் மேலே எரிகிற லைட்டைப் பார்த்தார். அப்புறம் மனைவியின் கண்களைப் பார்த்தார், வெகுநேரம். அந்தம்மா எதற்காகவோ காத்திருந்துவிட்டு, நான் இல்லாத திசையைப் பார்த்து, "அண்ணே, போதும், கடை லைட்டைப் போடுங்க. யாவாரம் கெடுது பாருங்க," என்றார்.

எரிந்துகொண்டிருந்த லைட்டை அணைத்து, மறுபடி போட்டேன்.

"இதையே குடுங்கண்ணே," என்றார் பெயிண்டர். அந்தம்மாவுக்குக் கேட்காது என்று தெரிந்தும் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்.

"பெயிண்டரே, இது..."

"சார்ஜ் போட்டுக்கறேன். அவளுக்குப் பிடிச்சிருக்கு."

கட்டிக் கொடுத்தேன். ஷட்டரைத் தூக்கி, அவர்கள் தெரு முனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தம்மா வழியெல்லாம் ஏதோ பேசிக்கொண்டே போனார். நான் உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். வாடிக்கையாளர் ஒருவர் பல்பு கேட்டு வந்தார். நாளைக்கு வாங்க என்று விரட்டிவிட்டேன்.

அதற்கப்புறம் ரொம்ப நாள் அவரைக் காணோம். போன மாதம் வேலைக்கு ஒரு பல்பு ஹோல்டர் வாங்கத் தனியாக வந்தார். தாடி வளர்ந்திருந்தது. "வீட்டுல எப்படி?" என்றேன்.

"பகல்ல கண்ணு கூசுதுன்னு சொல்லி உள்ளங்கையை நீட்டறா. அதுல விரலால எழுதறேன். மாத்திரை, தண்ணி, வேலைக்குப் போயிட்டு வரேன், அதெல்லாம் புரிஞ்சுக்கறா."

"அவங்ககிட்ட நேரா கேட்டுட்டா என்ன? மறைக்க வேண்டாம்னு."

"நான் உடைஞ்சு போயிடுவேன்னுதாண்ணே மறைக்கிறா. கேட்டுட்டா, அந்தச் சாயங்காலச் சிரிப்பும் இல்லாம போயிடும்."

"இன்னும் டார்ச் அடிக்கிறீங்களா?"

"தினமும். சார்ஜ் போட்டு, எதிர உக்காந்து, மூஞ்சில அடிச்சுக்கறேன். கையத் தட்டினா போதும், சிரிக்கத் தயாராயிடறா." ஹோல்டரைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டே இருந்தார். "கொஞ்ச நாள் ஜோக்குதான் சொல்லிட்டிருந்தேன். அப்புறம் வரல."

"பின்ன என்ன சொல்றீங்க?"

"எனக்குப் பயமா இருக்குடின்னு சொல்றேண்ணே. தினமும் அதத்தான் சொல்றேன். அவ சிரிக்கிறா."