கறுப்புக் கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பன்றி

வியர் ஆறு மூன்று பக்கமும் வளைத்துப் பிடித்திருக்கும் நம் ஊரில், பீர் காய்ச்சி விற்றுப் பிழைத்தவள் ஹாவிஸ். கணவனை இழந்தவள். அவளுக்குப் பயம் இரண்டே இரண்டுதான்: குளிர்காலம், புனித கத்பர்ட். குளிர்காலமாவது வருஷத்துக்கு ஒருமுறை வந்துவிட்டுப் போகும். கத்பர்ட் செத்துப் பல நூறு வருஷமாகியும், தன்னைப் புதைத்த பேராலயத்தைவிட்டு அசைவதில்லை. அவருக்குப் பெண்கள் ஆகாது என்பது துறவிகள் கண்டுசொன்ன உண்மை. அதனால் பேராலயத் தரையின் குறுக்கே கறுப்புக் கல்லில் ஒரு கோடு. பெண்களுக்கு அந்தக் கோட்டோடு சரி. தாண்டியவள் எவளும் உயிரோடு திரும்பியதில்லை என்று சொல்லி நடுங்குவார்கள், எவளுமே தாண்டியதில்லை என்பதை மறந்துவிட்டு.

ஹாவிஸிடம் ஒரு பன்றி இருந்தது. நிறைசினை. அது போடப்போகும் குட்டிகளை நம்பித்தான் அந்த வருஷத்துக் குளிரைச் சமாளிக்க அவள் நினைத்திருந்தாள். பீர்ச் சக்கை தின்று வளர்ந்த பன்றி. சக்கை வாசம் அடிக்கும் அவள் பாவாடை எங்கே போனாலும் பின்னாலேயே போகும். அன்று காலை பூசைக்குக் கிளம்பியவளுக்கு, பட்டிப் படலைச் சாத்தினோமா என்ற கவலை பாதி வழியில் பிடித்துக்கொண்டது. கோட்டருகே மண்டியிட்டபோது விடை கிடைத்தது. பன்றி அவளை உரசிக்கொண்டு போய், கோட்டைத் தாண்டி, காணிக்கை ரொட்டிக் கூடைக்குள் தலையை விட்டது.

பக்கத்தில் இருந்த, தோல் பதனிடுகிறவன் பெண்டாட்டி எம்மட் ஹாவிஸின் காதருகே குனிந்தாள்.

"ஏடி, அது பொட்டைதானே?"

"மெதுவாப் பேசுடி. சாமி காதுல விழுந்துரப்போவுது."

விழுந்துவிட்டது. துறவி ஆல்ட்ரெட் கோட்டருகே வந்து நின்றார்.

"யாரோட பன்றிம்மா இது?"

"என்னுதுங்க சாமி. ஒரு தட்டு தட்டி இந்தப் பக்கம் வெரட்டி விட்டீங்கன்னா புண்ணியமாப் போவும்."

"பொட்டையைத் துறவி தொடக் கூடாதே."

"அப்ப நானே வந்து புடிச்சிக்கறேன்."

"நீ தாண்டக் கூடாதே."

"பின்ன யாருதான் புடிக்கறது?"

"புடிக்கணும்னு யாரு சொன்னா? புனிதர் வீட்டுக்குள்ள வந்தது புனிதருக்குச் சொந்தம். இங்க குட்டி போட்டா குட்டியும்."

"அவருக்குத்தான் பொட்டையே ஆவாதே சாமி."

ஆல்ட்ரெட் ஆழ்ந்து யோசித்தார். "பொட்டை உயிரோட இருந்தாத்தான் ஆவாது," என்றார்.

புனிதர் சொத்தில் கைவைக்க அங்கிருந்த ஆண்கள் ஒருவரும் முன்வரவில்லை. அதற்குள் பன்றி தரையில் பரப்பியிருந்த கோரையை மூக்கால் கூட்டிக் குவிக்க ஆரம்பித்தது. பன்றிக்கு இடுப்புவலி கண்டுவிட்டது.

ஹாவிஸ் பாவாடையை உதறி வாசம் காட்டினாள். "வாடி கண்ணு. வா, வந்துரு."

வந்தது. கோட்டின் மேல் வந்து நின்று, படுப்பதற்கு இடம் பார்த்துச் சுற்றியது. ஒரு சுற்றில் பின்பக்கம் புனிதருக்குப் போனது. அடுத்த சுற்றில் ஹாவிஸுக்கு வந்தது. மறுபடி புனிதருக்கு.

பன்றியை முழுசாகவே உள்ளே இழுத்துவிடலாம் என்று ஆல்ட்ரெட்டுக்குத் தோன்றியது. ரொட்டித் துண்டு ஒன்றை நீட்டினார். பன்றி அவர் பக்கம் தலையைத் திருப்பி, ரொட்டியைக் கவ்வி, நிம்மதியாக அங்கேயே சாய்ந்தது. தலை புனிதர் பக்கம். பின்பக்கம் ஹாவிஸ் பக்கம்.

குட்டிகள் விழ விழ ஹாவிஸ் மேலங்கியில் வாரிக்கொண்டாள். கடைசிக் குட்டியும் வந்ததும் எழுந்து வாசலை நோக்கி நடந்தாள். குட்டிகள் வீறிட்டன. அந்தச் சத்தம் கேட்டு, பன்றி முக்கி முனகி எழுந்து அவள் பின்னால் போனது.

"தலை எங்க பக்கம்தான் இருந்துச்சு," என்றார் ஆல்ட்ரெட்.

"தாராளமா வெச்சுக்குங்க சாமி. கூப்புட்டுப் பாருங்க, வருதான்னு."

வாய்தான் அப்படிப் பேசியது. புனிதரும் பின்னால் வருகிறாரோ என்ற பயத்தில், வீடு போய்ப் படலைச் சாத்தும்வரை அவள் திரும்பியே பார்க்கவில்லை.