ஒத்த விசிலில் நின்ற விமானம்

பஸ்ஸைக் கிளப்ப இரண்டு விசில் போதும். விமானத்தைக் கிளப்ப ஒரு கட்டுக் காகிதம் வேண்டும். முப்பத்திநாலு வருடம் சங்கரன்கோவில் பஸ்களில் கண்டக்டராக இருந்துவிட்டு, அறுபத்தெட்டாவது வயதில் ஒரு சின்ன விமானக் கம்பெனியில் பயிற்சி வேலைக்கு மனுப் போட்டவன் நான். மனுவை அனுப்பிவிட்டு எந்நேரமும் போனைத் தடவிக்கொண்டிருக்கும் சகபாவிகளே, என் பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள்.

வடைக்கு அடியில் ஒரு வேலை

பேரனைப் பார்க்கச் சென்னைக்குப் போன என் வீட்டுக்காரி அங்கேயே தங்கிவிட்டாள். என்னையும் வரச்சொல்லி மகன் கோமதிநாயகம் ஒரே நச்சரிப்பு. அவன் இருப்பது ஏழாவது மாடி. எதிர்வீட்டுக் கதவு திறந்து இதுவரை பார்த்தவரில்லை. எனக்கோ தினம் பத்துப் பேரிடமாவது கதை அளந்தால்தான் சோறு செரிக்கும். அங்கே போய் லிஃப்டிடமா அளப்பது?

பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் வடை தின்றுகொண்டிருந்தபோது மறுபடி போன் பண்ணினான். வடைக்கு அடியில் இருந்த பேப்பரில் ஒரு விமானக் கம்பெனியின் விளம்பரம், எண்ணெயில் பளபளத்தது. "எனக்கு ஏரோப்ளேன் கம்பெனில வேலை கிடைச்சிருக்குடே. இனிமே நான் அங்கன வர முடியாது" என்று போட்டுவிட்டேன். அவன் சொன்னான்: "சந்தோசம்ப்பா. ஆடித்தபசுத் திருவிழாவுக்கு ஊருக்கு வாரேன். ஆர்டரைக் காட்டுங்க. இல்லன்னா பெட்டியக் கட்டுங்க."

பிறந்த வருசம்

சொன்ன பொய்யை நிஜமாக்குவதைத் தவிர வேறு வழியில்லை. வடைப் பேப்பரோடு இ-சேவை மையத்துக்கு ஓடினேன். அங்கே கம்ப்யூட்டரில் இருக்கும் செல்வி, எண்ணெய்க் கறைக்கு நடுவே படித்துச் சொன்னாள். எத்தனை பேர், எவ்வளவு எடை, எந்த வழி, எங்கே மழை என்றெல்லாம் பார்த்து விமானத்தை அனுப்பும் பிரிவாம். படிப்பு, அல்லது அதற்கு இணையான அனுபவம் வேண்டுமாம். இடையன்குளத்து ஆட்டுக்குட்டி முதல் பனவடலிசத்திரம் மாப்பிள்ளை வீட்டார் வரை ஏற்றி இறக்கியவன் நான். இணையான அனுபவம் இல்லையா?

எல்லாக் கட்டத்தையும் நிரப்பினாள். கடைசியில் ஒரு கட்டம். "இதுக்குச் சம்மதமான்னு கேக்கு தாத்தா" என்றாள். என்ன ஏதென்று கேட்காமல் "சம்மதம்னு போடு" என்றேன். பிறந்த வருசம் மட்டும்தான் பாக்கி. இரண்டாயிரத்தில் ஆரம்பித்து உருட்டினாள், உருட்டினாள், விரலை உதறிவிட்டு மறுபடி உருட்டினாள். "தாத்தா, உங்க வருசம் வாரதுக்குள்ள கரண்ட் போயிரும் போல."

சாட்சி

பதினைந்தாம் நாள், அதே கம்ப்யூட்டர் முன்னால் நேர்முகம். திரையில் ஒரு மேடம். என் முதுகுக்குப் பின்னால் சாதிச் சான்றிதழ் வாங்க வந்த கூட்டம் மொத்தமும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறது.

"எங்க விமானத்துல பின்பக்கமா ஏறணும். இருபது பேர் ஏறி, எல்லாரும் பின்னாலயே உக்காந்துட்டாங்க. என்ன செய்வீங்க?" என்றார் மேடம். "முன்னால எடம் கிடக்குல்லா, உள்ள போங்கன்னு சத்தம் போடுவேன்" என்றேன். மேடம் சிரித்துவிட்டார். வால் பாரமானால் விமானத்துக்கு ஆபத்தாம், சரியான விடைதானாம்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். வாய் சும்மா இருக்குமா? வாசுதேவநல்லூர் எலுமிச்சை மூடைகளைப் பின்பக்கம் ஏற்றியதில் பஸ்ஸின் முன்சக்கரம் இரண்டும் அந்தரத்தில் தூக்கிக்கொண்டதையும், டிரைவர் திருப்பத் திருப்பத் திரும்பாமல் ராஜபாளையம் ரோட்டில் இரண்டு மைல் அப்படியே போனதையும், நாற்பது பேரை முன்னால் தள்ளி நான் பஸ்ஸைத் தரையிறக்கியதையும் சொன்னேன். "இது நடந்ததா சார்?" என்றார் மேடம், சிரிப்பில்லாமல். என் கை சட்டைப்பையிலிருந்த பழைய விசிலைத் தடவியது. பின்னாலிருந்து முன்பின் தெரியாத ஒரு அம்மா, கையில் விண்ணப்பத்தோடு எட்டிப் பார்த்துச் சொன்னாள்: "அந்த பஸ்ல நானும் வந்தேன் தாயி. முன்னால தள்ளுதேன்னு என் காலை மிதிச்சது இவருதான்."

ஒத்த விசில்

ஒருநாள் வந்து வேலையைப் பாருங்கள், பிறகு முடிவு சொல்கிறோம் என்று நாலு பேரைக் கூப்பிட்டார்கள். மற்ற மூவரின் வயசையும் கூட்டினால்தான் என் வயசு வரும். கடலோரமாக ஒரு குட்டி விமான நிலையம். காலையில் பஸ்ஸேறினால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். வேலை இங்கேதான் என்று நானே முடிவு பண்ணிக்கொண்டேன்.

திரையில் பார்த்த அதே மேடம், தள்ளி நின்று பார்க்கச் சொன்னார். ஏறுகிற ஆட்களை என் கண் தானாக எண்ணியது, பழக்கதோஷம். நாற்பது தலை. மேடம் கையிலிருந்த காகிதத்தில் நாற்பத்தொன்று. கதவைச் சாத்தப் போகிறார்கள். என் கை சட்டைப்பைக்குள் போனதும், பழைய விசில் வாய்க்கு வந்ததும் எனக்கே தெரியாது. ஊதினேன், நீளமாக ஒன்று. ஒத்த விசில் என்றால் நிறுத்து. இரண்டு என்றால் போகலாம். அந்த இடமே சிலையாகி நின்றது. தேடிப் பார்த்தால், நாற்பத்தொன்றாவது ஆள் விமானத்தின் வாலுக்குப் பின்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்கிறார்!

அவரைப் பிடித்து ஏற்றினார்கள். மேடத்தின் முகம் சிவந்திருந்தது. "இங்க யாரு சார் விசில் ஊதச் சொன்னா?" என்றார். போச்சு, பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று நினைத்தேன். அப்போது பைலட் தன் ஜன்னலைத் திறந்து தலையை நீட்டினார். "மேடம், எங்கப்பா பஸ் டிரைவர். ஒத்த விசில் கேட்டா என் காலு தன்னால பிரேக்குக்குப் போயிருது" என்றவர், என் பக்கம் திரும்பினார்: "அண்ணாச்சி, இப்ப ரெண்டு குடுங்க, கெளம்புவோம்."

ஆர்டர்

ஆடித்தபசுக் கூட்டத்தில் நீந்தி மகன் வீடு வந்து சேர்ந்தான். காலி சூட்கேஸ் ஒன்றும் கூடவே வந்தது. செல்வி அச்சடித்துத் தந்த ஆர்டரை அவன் மூக்குக்கு நேரே நீட்டினேன். நான் சொன்னதில் நிஜமானது இதுவரை இது ஒன்றுதான்; அந்தத் தெம்பில் மீசையைக்கூட முறுக்கிக்கொண்டேன். நின்றபடியே படித்தான். பிறகு உட்கார்ந்து படித்தான். "நெசந்தானாப்பா?" என்றவன், இரண்டாம் பக்கத்தைப் புரட்டியதும் சிரிக்க ஆரம்பித்தான். எந்த ஊரிலும் வேலை பார்க்கச் சம்மதம் என்று நான்தான் டிக் அடித்திருக்கிறேனாம். சூட்கேஸைத் திறந்து வைத்துக்கொண்டே சொன்னான்: "பயிற்சி ஆறு மாசமாம், முழுக்கச் சென்னை ஏர்போர்ட்லதானாம். நம்ம பிளாட்டுல இருந்து நடந்தே போயிரலாம்ப்பா."

ஆகவே சகபாவிகளே, பொய் சொல்வதில் தப்பே இல்லை, ஆனால் வேலை எந்த ஊரில் என்று விசாரித்துவிட்டுச் சொல்லுங்கள்.