கண்டெய்னருக்குள் வேறு நேரம்

லாஸ்பேட்டையில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்துக்கு நேர்முகத் தேர்வுக்குப் போயிருந்தேன். எதிரே உட்கார்ந்திருந்தவர் என்னைவிட வயதில் சிறியவர். மரியாதையாகத்தான் கேட்டார்.

"கண்டெய்னர்ல டெவலப்மெண்ட் பண்ணியிருக்கீங்களா மேடம்?"

இல்லை என்றேன். "இப்ப எல்லாமே அதுலதான் மேடம்" என்றார். என் விண்ணப்பத்தை மூடி ஓரமாக வைத்தார். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு முத்தியால்பேட்டைக்கு வந்துவிட்டேன்.

சென்னையில் நல்ல வேலையில்தான் இருந்தேன். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்ததும் விட்டுவிட்டு வந்தேன். அவளுக்கு நான் ஒருத்திதான். நடை மெல்லத் திரும்பிவிட்டது, பேச்சுதான் திரும்பவில்லை. நாம் சொல்வதெல்லாம் புரியும். ஆனால் தண்ணீர் கேட்க நினைத்து "கதவு" என்பாள். தப்பு என்று அவளுக்கே தெரிந்து, முகத்தைத் திருப்பிக்கொள்வாள். பேச்சுப் பயிற்சி தருபவர், தினமும் எதையாவது வாய்விட்டுப் படிக்க வைக்கச் சொல்லியிருந்தார். செய்தித்தாளைக் கொடுத்தால் மடித்து வைத்துவிடுவாள். பெரிய எழுத்தில் அச்சிட்ட குழந்தைக் கதைப் புத்தகத்தை ஒருமுறை கொடுத்தேன். அவள் பார்த்த பார்வையில் நானே அதை எடுத்து உள்ளே வைத்தேன்.

அந்த வாரம்தான் கனகசெட்டிக்குளத்திலிருந்து தோழி கூப்பிட்டாள். கல்லூரியில் என்னோடு படித்தவள். அவளுடைய தம்பி கடலுக்குப் போகிறவன்.

"கடல்ல காத்து எப்ப வரும், அலை எப்படி இருக்கும்னு காட்டுற வெப்சைட் ஒண்ணு இருக்குடி. பிரான்ஸ்ல யாரோ சேர்ந்து இலவசமா நடத்துறாங்க. தமிழ்லயும் வருது. ஆனா நேரம் தப்பா காட்டுது. காலைல எட்டரைக்குக் காத்துன்னு போட்டிருந்துச்சு. அது அடங்கட்டும்னு காத்திருந்து பத்து மணிக்குமேல போனாங்க. ரெண்டு மணிக்கு நடுக்கடல்ல புடிச்சிக்குச்சு. வலைய அறுத்துவிட்டுட்டு வந்தாங்க. நீ கொஞ்சம் பாக்குறியா?"

பார்த்தேன். அது யார் வேண்டுமானாலும் உள்ளே போய்த் திருத்தக்கூடிய திறந்தமூலச் செயலி. இதே குறையை வேறொருவரும் முன்பே எழுதியிருந்தார். அதற்குத் தன்னார்வலர் ஒருவர், தன் கணினியில் நேரடியாக நிறுவி ஓட்டிப் பார்த்ததாகவும் நேரம் சரியாகவே வருவதாகவும் சென்னையிலிருந்து பதில் போட்டிருந்தார். பேச்சு அதோடு நின்றிருந்தது. செயலியைக் கண்டெய்னரில்தான் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று அமைப்புக் குறிப்பின் முதல் வரியிலேயே இருந்தது. அந்தச் சொல்லைப் பார்த்ததும் சிரிப்பு வந்தது.

செயலி ஓட ஒரு தரவுத்தளம் வேண்டும், வேறு பல மென்பொருள்களும் அவற்றின் சரியான பதிப்புகளும் வேண்டும். அவரவர் கணினியில் தனித்தனியாக நிறுவினால் ஆளுக்கொரு மாதிரி நடக்கும். கண்டெய்னர் என்பது இவற்றையெல்லாம் சேர்த்துக் கட்டிய பெட்டி. எங்கே திறந்தாலும் உள்ளே இருப்பது ஒன்றுதான். படித்தபோது எளிதாகத்தான் தெரிந்தது. என் பழைய மடிக்கணினியில் அதற்கான வசதியே அணைக்கப்பட்டிருந்தது. அது எங்கே இருக்கிறதென்று தேடிப் பிடித்தேன். பதிவிறக்கம் பாதியில் நின்றது, மறுபடி தொடங்கினேன். எல்லாம் வந்து சேர்ந்தபின் ஓடவிட்டால், செயலி எழுந்து, தரவுத்தளத்தோடு இணைய முடியவில்லை என்று சொல்லி உடனே விழுந்தது. அழித்துவிட்டு முதலிலிருந்து செய்தேன். அப்போதும் விழுந்தது.

அமைப்புக் குறிப்பு பிரெஞ்சில் இருந்தது. எனக்கு பிரெஞ்சு வராது. உலாவியிலேயே மொழிபெயர்த்துப் படித்தேன். கட்டளை வரிகளுக்கு நடுவே இருந்த பிரெஞ்சு வாக்கியங்களை மட்டும் அது மொழிபெயர்க்காமல் விட்டிருந்தது. நானும் அவற்றைப் பொருட்படுத்தவில்லை.

ஒரு மத்தியானம் மடிக்கணினியைச் சாப்பாட்டு மேசையில் அப்படியே விட்டுவிட்டு ரசத்தைச் சூடுபண்ணப் போனேன். பின்னால் குரல் கேட்டது.

"லான்சே... தபோர்... லா பாஸ்."

அம்மா திரையில் விரலை வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவள். பிறப்புச் சான்றிதழ்களையும் திருமணச் சான்றிதழ்களையும் பிரெஞ்சில் பெயர்த்துக் கொடுக்கும் அலுவலகத்தில் ஓய்வுபெறும்வரை தட்டச்சு செய்தவள். நோய்க்குப் பிறகு அவள் வாயிலிருந்து சேர்ந்தாற்போல் மூன்று சொற்கள் வந்து நான் கேட்டதில்லை. அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தேன்.

"என்னம்மா போட்டிருக்கு?"

"அத்தாந்தே" என்றாள், அடுத்த வார்த்தையைத் தொட்டு. நான் விழித்தேன். அவள் கண்ணை மூடித் தமிழைத் தேடினாள். அவசரப்படுத்தக் கூடாது என்று பயிற்சியில் சொல்லியிருந்ததால் வாயைத் திறக்காமல் நின்றேன்.

"மொதல்ல... அது. பேஸு. அப்புறம்... இரு." கையை உயர்த்திக் காட்டினாள். "கொஞ்சம் இரு."

பேஸு என்றால் தரவுத்தளம். முதலில் அதை மட்டும் தொடங்க வேண்டும். அது தயாராகும்வரை காத்திருக்க வேண்டும். நான் இரண்டையும் ஒரே கட்டளையில் தட்டிவிட்டுக்கொண்டிருந்தேன். புதிய கணினியில் அது பலித்திருக்கும். என்னுடையதில் தரவுத்தளம் கண்விழிப்பதற்குள் செயலி கதவைத் தட்டிவிட்டு விழுந்துவிட்டது.

அம்மா சொன்னபடி தரவுத்தளத்தை மட்டும் தொடங்கினேன். இருவரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். தயார் என்று திரையில் வந்தபின் செயலியைத் தொடங்கினேன். நீலக் கடலும் காற்றின் அம்புக்குறிகளுமாகப் பக்கம் திறந்தது. அம்மா மேசையைத் தட்டிச் சிரித்தாள்.

தமிழ்ப் பக்கத்தைத் திறந்தேன். தோழி சொன்ன அதே தவறான நேரம் அங்கேயும் இருந்தது. தவறு கண்முன்னால் வந்தால்தானே அதைப் பிடிக்க முடியும். அதைப் பார்த்து யாராவது இவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்களா தெரியாது. என் மடிக்கணினியின் கடிகாரம் நம் நேரத்தைக் காட்ட, கண்டெய்னருக்குள் கடிகாரம் உலகப் பொது நேரத்தில், ஐந்தரை மணி நேரம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. பிரெஞ்சுப் பக்கத்துக்கு பாரீஸ் நேரம் என்று குறித்திருந்தார்கள். தமிழ்ப் பக்கத்துக்கு யாரும் எதையும் குறிக்காததால், அது பெட்டிக்குள் இருந்த நேரத்தை அப்படியே காட்டியது. சென்னைக்காரர் கண்டெய்னர் இல்லாமல் ஓட்டியதால் அவர் கணினியின் இந்திய நேரம் வந்து குறையை மறைத்துவிட்டது.

திருத்தம் மிகச் சின்னது, தமிழ்ப் பக்கத்துக்கு இந்திய நேரம் என்று குறிக்கும் ஒரு வரி. அதை அனுப்பியபோது, காத்திருக்கச் சொல்லும் குறிப்பைக் கண்ணில் படும்படி மேலே வைக்கலாம் என்றும் எழுதினேன். பிரான்சிலிருந்து ஒரு பெண் பதில் எழுதினார். மொழிபெயர்ப்புப் பொத்தானை நான் அழுத்தவில்லை. அம்மாவிடம் கொடுத்தேன். திக்கித் திக்கிப் படித்தாள், நடுவில் கோபப்பட்டாள், திரும்பப் படித்தாள். "நன்றி... சொல்றா" என்றாள். பிறகு கணினியை என் பக்கம் தள்ளி, "இன்னொரு... கேள்வி" என்றாள். நேரம் சரியாக வருகிறதா என்று தானாகவே சரிபார்க்கும் சோதனை நிரல் ஒன்றும் எழுதித் தர முடியுமா என்று கேட்டிருந்தார் அந்தப் பெண். எழுதினேன். திருத்தம் ஏற்கப்பட்டது. அதன்பின் பேச்சுப் பயிற்சிக்குக் குழந்தைக் கதைப் புத்தகம் தேவைப்படவில்லை. அந்தச் செயலியின் விவாதப் பக்கங்களைத் தினமும் அம்மா உரக்கப் படித்தாள். முதலில் பிரெஞ்சு வந்தது. பின்னாலேயே ஒவ்வொன்றாகத் தமிழும் வர ஆரம்பித்தது. இன்னும் கதவும் தண்ணீரும் சில நாள் இடம் மாறும். இப்போதெல்லாம் அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லை.

நானும் வீட்டிலிருந்தபடியே செய்யும் வேலை ஒன்றில் சேர்ந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை தோழி வற்புறுத்தியதால் அம்மாவை ஆட்டோவில் கனகசெட்டிக்குளம் கூட்டிப்போனேன். தோழியின் தம்பி படகோரத்தில் நின்றபடி கைபேசியை நீட்டினான்.

"நேரம் இப்ப கரெக்டா இருக்குக்கா. இதைப் பாத்துத்தான் போறோம், வர்றோம். ஆனா அலைய மீட்டர்ல போட்டிருக்காங்க. நாங்க ஆள் உயரம், அர ஆள் உயரம்னுதான் பேசிக்குவோம். அந்த மாதிரி போட முடியுமாக்கா?"

"கேட்டுப் பாக்குறேன் தம்பி. முடியும்னுதான் நெனைக்கிறேன்" என்றேன்.

அம்மா அவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள். நல்ல வளர்த்தி அவன். அவள் அவன் தோளுக்குக்கூட வரமாட்டாள்.

"யாரு... உயரம்?" என்று கேட்டாள்.